விரலால் பார்த்த தலைகள்

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் தலை என்னுடையது. அந்தத் தலையிலிருந்துதான் பொடுகு கொட்டிக்கொண்டிருந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், என் கருநீலச் சட்டையின் தோளைப் பார்த்த மேலாளர், "என்னப்பா, வர்ற வழியில மாவு மில்லுக்குப் போயிட்டு வந்தியா?" என்றார். ஆறு மேசையும் சிரித்தது. அன்று சாயங்காலமே, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த சலூனுக்குள் நுழைந்தேன்.

கழுத்தைச் சாய்த்துத் தலை கழுவும் பேசினில் வைத்ததும் எனக்கு மேலே தலைகீழாக ஒரு முகம் தெரிந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றது. விரல்கள் மட்டும் தலைக்குள் ஊர்ந்தன.

"குளிக்கிற சோப்பையேதான் தலைக்கும் போடுறீங்களா தம்பி?"

"ஆமாங்க."

"அலசுறதும் அவசரம். காதுக்குப் பின்னாடி சோப்பு அப்படியே காஞ்சு நிக்குது. ஈரத்தலையோட ஹெல்மெட் மாட்டுறீங்க, இல்ல?"

"எப்படிக்கா தெரியும்?"

"உச்சி புழுங்கிப் போயிருக்கே. நகத்தால சொறியாதீங்க, விரல் நுனியால தேய்ச்சா போதும். நல்லா அலசிட்டு, காய விட்டு மாட்டுங்க. சீப்பை மாசத்துக்கு ஒருக்காவாவது கழுவுங்க." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "ரெட்டைச் சுழி வேற. ரெண்டு பொண்டாட்டின்னு சொல்லுவாங்க. உங்களுக்குப் பொடுகுதான் வாழ்க்கைப்பட்டு வந்திருக்கு."

எல்லோருக்கும் அவர் பேசின் அக்கா. வெட்டுவதும் சாயம் பூசுவதும் மாஸ்டரின் வேலை. கழுவுவது மட்டும் இவர். பதினோரு வருடமாக அதே பேசின். சாதாரண நாளில் இருபது தலை, சனிக்கிழமை நாற்பது. சாயம் பூசும் முன் தலையில் புண், தடிப்பு எதுவும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துச் சொல்வதும் அவர் பொறுப்பு. அவர் "போடலாம்" என்றால்தான் மாஸ்டர் கிண்ணத்தைக் கையில் எடுப்பார்.

மதியம் நாங்கள் இருவருமே மாடிப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். முதல் நாள் சிரித்துப் பேசப் போனேன். யாரோ என்பது போலப் பார்த்தார். ஷூ கயிறு கட்டக் குனிந்தேன். "அட, ரெட்டைச் சுழி, நீங்களா?" என்றார். தெருவில் எதிரே வரும் பழைய வாடிக்கையாளர்களையும் அவருக்கு அடையாளம் தெரியாதாம். "திமிர் புடிச்சவன்னு நினைக்கிறாங்க. குனிஞ்சு காட்டினா பேரே சொல்லிடுவேன்."

வீட்டில் வாட்ச்மேன் கணவரும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும். கணவருக்கு முழு வழுக்கை. "ஊர்த் தலையெல்லாம் நான் கழுவுறேன், என் வீட்டுத் தலை தொடச்சா போதும்" என்பார். மகளுக்குத் தலை வாரிவிட்டு ஒரு வருடமாகிவிட்டதாம். அக்கா விரல் பட்டாலே முடி சிக்கி இழுக்கிறதாம்.

அவர் ஸ்பூனால் சாப்பிடுவதை அதன் பிறகுதான் கவனித்தேன். காரம் பட்டால் கை எரியும். விரல் இடுக்குகளெல்லாம் வெடித்து, முட்டிகளில் தோல் காய்ந்த சேறு மாதிரி பிளந்திருந்தது. நாளெல்லாம் தண்ணீரும் ஷாம்புவும் செய்த வேலை. தோல் டாக்டர், "ஒண்ணு தண்ணியை விடு, இல்லன்னா கையை விடு" என்று சொல்லியிருந்தார்.

"சிரிப்புதான் வந்துச்சு தம்பி. தண்ணியை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

அந்த மாதமே சலூன் முதலாளியம்மாவும் கூப்பிட்டுப் பேசிவிட்டார். அக்காவின் கையைப் பார்த்த ஒரு பெண், இது ஒட்டுமா என்று கேட்டுவிட்டுப் பாதியில் எழுந்து போயிருந்தார். மாதக் கடைசிக்குள் கை சரியாகாவிட்டால் பேசினுக்கு வேறு ஆள்.

நான்தான் வழி சொன்னேன். இரண்டு நாள் போனில் தேடிப் படித்துவிட்டு, "களிம்பு போட்டு, மேல ரப்பர் கையுறை போடுங்கக்கா. தண்ணியும் படாது, கையும் வெளிய தெரியாது" என்றேன். "படிச்ச பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அன்றைக்கே வாங்கினார். எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதை மறைக்க முடியாது.

இரண்டு வாரம் நன்றாகவே போனது. வெடிப்புகள் மூடத் தொடங்கின. முதலாளியம்மாவும் பேசினுக்கு வேறு ஆள் தேடவில்லை.

மூன்றாம் வாரம் டீச்சர் வந்தார். ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை சாயம் பூசிக்கொள்ளும் பழைய வாடிக்கை. அக்கா வழக்கம்போல் சுவரைப் பார்த்துக்கொண்டு தலையைத் தடவினார். "சுத்தமா இருக்கு மாஸ்டர், போடலாம்."

ஐந்து நிமிடத்தில் டீச்சர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எரியுதும்மா, தாங்க முடியல" என்றார். அவசரமாக அலசினார்கள். இடது காதுக்குப் பின்னால், முடிக்குள், தூக்கத்தில் சொறிந்து சொறிந்து ஆக்கிய ஒரு புண். சாயம் அதில் இறங்கிவிட்டது. மறுநாள் காதுவரை வீங்கியது.

"கண்ணால பார்க்க மாட்டியா நீ?" என்று முதலாளியம்மா கேட்டாராம்.

"நான் என்னைக்கும்மா கண்ணால பார்த்திருக்கேன்?"

இதை மறுநாள் மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவே சொன்னார். புண்ணோ, பொருக்கோ, கொப்புளமோ, எதுவும் விரலுக்குத் தெரிந்துவிடும். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட முடியை விலக்கிப் பார்க்கத் தேவை வந்ததில்லை. விரலுக்கு மேல் ரப்பர் வந்த பிறகு கண்ணைக் கூப்பிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"நான்தானேக்கா போடச் சொன்னேன்."

"நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. போட்டது நான். பார்க்காம விட்டதும் நான்." ஸ்பூனை டப்பாவுக்குள் வைத்தார். "ரெண்டு வாரம் கை எரியாம தூங்கினேன். அது போதும்."

ஒரு வாரம் கழித்து, காதில் கட்டோடு டீச்சர் வந்தார். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. புண் இருக்குன்னு நானாவது சொல்லியிருக்கணும்" என்றார். முதலாளியம்மாவும் கெட்டவர் இல்லை. "கையுறை இல்லன்னா வர்றவங்க எழுந்து போறாங்க, கையுறை போட்டா இப்படி ஆகுது. நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு" என்று அக்காவிடமே விட்டார்.

அக்கா அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "நான் நின்னுக்கிறேம்மா. இனிமே விரலை நம்பவும் பயமா இருக்கு, கண்ணை நம்பவும் பழக்கமில்ல." அன்று மிச்சமிருந்த ஆறு துண்டுகளையும் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் போனார்.

என் தோளில் இப்போது எதுவும் உதிர்வதில்லை. ஹெல்மெட்டைக் காய்ந்த தலையில்தான் மாட்டுகிறேன்.

அக்கா பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள துணிக்கடையில் சட்டை மடிக்கிறார். ஒன்பது மணி நேரம் நின்றபடியே வேலை, கால் வீங்குகிறது. வலது கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்கள் ஆறிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்குத் தலை வாரிவிடுகிறார். போன மாதம் சட்டை எடுக்கப் போனபோது என் முகத்தைப் பார்த்தே, "வாங்க தம்பி" என்றார்.