குகையைத் தாண்டியதும் ஒரு டக்

என் வீட்டுப் பின்னறையில் ரயில் ஓடுகிறது என்று சொன்னால் ஜமுனாமரத்தூரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் அதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது என் வீட்டில் இல்லை. எங்கே பார்த்தார்கள் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். சொல்லும்போதே கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தையல்காரி. பிறந்தது ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பில், கட்டிக்கொண்டு வந்தது மலைக்கு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். பெங்களூரில் யாரோ வீடு காலி செய்தபோது வேண்டாம் என்று தூக்கிக் கொடுத்த அட்டைப்பெட்டி ஒன்றை ஒருநாள் கொண்டுவந்து என் மிஷின் பக்கத்தில் வைத்தார். சாண் நீளத்தில் இரண்டு ரயில் இன்ஜின், கொஞ்சம் பெட்டிகள், அடியில் தண்டவாளத் துண்டுகள். "மலைக்கு ரயிலு வந்துடுச்சு பாரு" என்று கிண்டலடித்தார். எனக்கு அது கிண்டலாகவே படவில்லை. அன்றைக்கே புளி அடுக்கியிருந்த பின்னறையைக் காலி செய்ய ஆரம்பித்தேன்.

இன்ஜின் அசையவில்லை. கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் தம்பியிடம் கொண்டுபோனேன். அவன் அதை ஓட வைத்ததோடு நிற்காமல் அது ஓடுவதைப் பார்க்கவும் வந்துவிட்டான். அரசுப் பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் டீச்சர் ஒருத்தி, கலசப்பாக்கத்துப் பெண், இங்கே வாடகைக்கு இருக்கிறாள். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்தவள் பின்னறைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். "அக்கா, இதுக்கு ஒரு மலை வேணுமே" என்றாள். ரவிக்கைத் துணியை மறந்துவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய செய்தித்தாள் கட்டோடு வந்தாள்.

அப்படித்தான் நாங்கள் மூன்று பேர் ஆனோம். ஞாயிறு என்றால் பின்னறை. அறையின் நீளத்துக்கு ஒரே பலகையாகச் சேர்த்து, இரும்புக் கால் கொடுத்து, சுவரோடு முடுக்கினோம். டீச்சர் காகிதத்தைக் கூழாக்கி, வெள்ளைப் பவுடர் பூசி, வர்ணம் தீட்டி ஒரு மலையை எழுப்பினாள். நடுவில் குகை. ஓடை மணலைச் சலித்துத் தண்டவாளத்தின் இரு பக்கமும் தூவினோம். காய்ந்த புல்பூவெல்லாம் மரமாயிற்று. அறுவடைக் காலத்தில் ஊரெல்லாம் சாமை தூற்றுவார்கள், தூசு ஜன்னல் வழியாக வந்து தண்டவாளக் கம்பியில் படியும். படிந்தால் இன்ஜின் திக்கித் திக்கி நிற்கும். லைனிங் துணியை ஸ்பிரிட்டில் நனைத்து நான் துடைப்பேன். ஒருமுறை குகைக்குள் பல்லி முட்டை வைத்துவிட்டது, அது பொரியும் வரை ரயில் விடக்கூடாது என்று டீச்சர் ஒரே அடம். நாங்களும் விடவில்லை.

பலகையின் ஒரு முனையில் அடிவார ஸ்டேஷன், தம்பியின் பொறுப்பு. மறுமுனையில் மலை ஸ்டேஷன், டீச்சருடையது. இரண்டுக்கும் நடுவே ஒற்றைப் பாதை. ஆரம்பத்தில் ஒருநாள் இரண்டு வண்டியும் எதிரெதிராகப் புறப்பட்டுக் குகைக்குள் முட்டிக்கொண்டன. ஜோலார்பேட்டைக்காரிக்கு இதைவிட அவமானம் வேண்டுமா? அன்று திரைச்சீலை மாட்டும் பித்தளை வளையம் ஒன்றை எடுத்து ஆணியில் தொங்கவிட்டுச் சட்டம் போட்டேன். வளையம் யார் கையில் இருக்கிறதோ அவர் வண்டிதான் ஒற்றைப் பாதையில் போகலாம். போய்ச் சேர்ந்ததும் எதிராளி கையில் கொடுத்துவிட வேண்டும். எத்தனையோ ஞாயிறு ஓடிவிட்டது, ஒருவர்கூட அந்தச் சட்டத்தை மீறியதில்லை. வளையம் கையில் இல்லாமல் சுவிட்சைத் தொட எங்களுக்குக் கை வராது.

எனக்குப் பிடித்த இடம் குகைக்கு வெளியே. மற்ற இடங்களில் துண்டு துண்டாகக் கோத்த கம்பி, வண்டி டக்டக் என்று போகும். அங்கே மட்டும் மூட்டே இல்லாத நீளக் கம்பி ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்துப் போட்டிருந்தேன். குகையை விட்டு வெளியே வந்ததும் சத்தம் அப்படியே அடங்கி வண்டி வழுக்கிக்கொண்டு போகும். அதைக் கேட்கத்தான் எனக்கு ஞாயிறு.

இந்தக் கோடையில் டீச்சர் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, கோடை விழால ஸ்கூலுக்கு ஸ்டால் குடுத்திருக்காங்க. நம்ப ரயிலை வெக்கலாமா?"

"கதவு வழியா வெளிய வராது. அறுத்தாதான் வரும். அறுக்க வுட மாட்டேன்" என்றேன்.

"சும்மா கேட்டேன்க்கா" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதே சமயத்தில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. திருப்பத்தூரில் ஆபரேஷன் முடித்து, ஜோலார்பேட்டையில் அம்மாவோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு வர வேண்டும். வீட்டுக்காரர் நாக்பூர் பக்கம் லோடு ஏற்றிப் போயிருந்தார். வீட்டுச் சாவியை டீச்சரிடம் கொடுத்தேன், தூசு துடைக்கச் சொன்னேன். பஸ் வந்துவிட்டது. அப்போதும் ஓடிப்போய் ஆணியிலிருந்த வளையத்தை எடுத்துவந்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். "நீ பாத்துக்கோ" என்றேன். அவள் அதை விரலில் மாட்டிக்கொண்டு கையாட்டினாள்.

திரும்பி வந்த முதல் ஞாயிறே மூவரும் கூடினோம். வளையம் வைத்திருந்த டீச்சரை வண்டி விடச் சொன்னேன். குகையைத் தாண்டியதும் டக்.

"இன்னா சத்தம் அது?"

"எதுக்கா?" என்றாள் டீச்சர்.

மறுபடி விடச் சொன்னேன். மறுபடி டக். குனிந்து பார்த்தால் மணலும் வர்ணமும் எல்லாம் ஒழுங்காக இருந்தன. நகத்தால் தடவினால் மட்டும் கம்பியில் ஓரிடத்தில் தட்டியது.

"வெயிலுக்கா" என்றான் தம்பி. "ரூமு பூட்டியே கெடந்துச்சு இல்ல, கம்பி எழும்பிக்கிச்சு போல."

நம்பினேன். கோடையில் ஜோலார்பேட்டைத் தண்டவாளமே வளையுமென்று கேட்டு வளர்ந்தவள், நம்பாமல் என்ன செய்வேன்? பலகைக்கு அடியில் நுழைந்தேன். டீச்சர் மண்டியிட்டு டார்ச் பிடித்தாள். சரியாக அந்த இடத்துக்கு அடியில் புது ரீப்பர் கட்டை ஒன்று குறுக்கே அடித்திருந்தது.

"பலகை தொங்குற மாரி இருந்துச்சு, நான்தான் முட்டுக் குடுத்தேன்க்கா" என்றான் தம்பி.

நான் இல்லாதபோதும் பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன். தாங்க்ஸ்ப்பா என்றேன். அவன் அரத்தை எடுத்து நீட்டினான், நான் வெளியே வந்து கம்பியில் தட்டிய மேட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்து, இங்கே இருக்குமோ அங்கே இருக்குமோ என்று என்னோடு சேர்ந்து தேடினார்கள்.

அடுத்த வாரம் ரவிக்கை வாங்க ஒரு பெண் வந்தாள். காசை எடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"நீ விழாவுக்கே வர்லியாக்கா? டீச்சரு ரயிலு வுட்டாங்களே, குகைக்குள்ள பூந்து வருது. ஜனம் அங்கியே நின்னுடுச்சு."

"எந்த டீச்சரு?"

"படம் வரையறவங்க. அவங்க வூட்லயே செஞ்சதாம், மைக்ல சொன்னாங்க. சால்வைகூட போத்துனாங்க."

"அவ்ளோ பெருசை எப்படிக் கொண்டாந்தாங்க?"

"ரெண்டு துண்டா டெம்போல வந்துச்சு. எறக்க எங்க வூட்டுக்காரருதான் ஒரு கை குடுத்தாரு."

அவள் போன பிறகு பின்னறைக்குப் போய் நின்றேன். இப்போது எல்லாம் தெரிந்தது. நடுவில் அறுத்தால் மலை இரண்டாகியிருக்கும். தன் மலையில் கீறல் விழக்கூடாது என்று குகையை விட்டுத் தள்ளி என் கம்பியில் ரம்பத்தை வைத்திருக்கிறாள். அறுத்த பலகையைச் சேர்க்கத்தான் அந்த ரீப்பர். அதைக்கூட விட்டுவிடலாம். கம்பி போனால் கம்பி. நான் பலகைக்கு அடியில் பைத்தியக்காரி மாதிரி வெயிலைத் தேடிக்கொண்டிருந்தபோது எனக்கு வெளிச்சம் காட்டினாளே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அன்று ஒரு ரவிக்கையும் தைக்கவில்லை.

ஞாயிறு இருவரும் வந்தார்கள். வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்களாகச் சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு நப்பாசை.

"சத்தம் இன்னும் போவல. டார்ச் புடி, இன்னொரு வாட்டி பாக்கறேன்" என்று அடியில் நுழைந்தேன்.

டீச்சர் டார்ச் பிடித்தாள். தம்பி அரத்தோடு உட்கார்ந்தான். நான் ரீப்பரையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"வெயிலுதான்க்கா, வேற இன்னா இருக்கப் போவுது" என்றாள். வெளிச்சம் கொஞ்சம்கூட ஆடவில்லை.

"டெம்போல ஏத்தி எறக்குனாலும் இப்படி ஆவுமா, டீச்சர்?"

டார்ச் தரையைப் பார்த்தது. நான் வெளியே வந்து புடவையை உதறிக்கொண்டேன். தம்பி எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டான்.

"கேட்டா நீங்க குடுத்திருக்க மாட்டீங்க" என்றாள்.

"மாட்டேன்தான்."

"எத்தினி வருஷமா அந்த மலைக்கு வர்ணம் பூசினு கீறேன்? மூணு பேரு பாத்தா போதுமாக்கா?"

அது நியாயம்தான் என்று அப்போதே தோன்றியது. அவள் அழுதுகொண்டே அதை மட்டும் சொல்லியிருந்தால் நான் கரைந்திருப்பேன். அவள் அழவில்லை.

"வளையம் எங்கிட்ட குடுத்துட்டுதானே போனீங்க? நீங்க போட்ட சட்டப்படி அன்னிக்கி லைனு என்னுதுதானே?"

நான் போட்ட சட்டம்தான். பஸ்ஸை நிற்க வைத்து ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்த வளையம்தான். அவளை நம்பிக் கொடுத்தேன், அவள் அனுமதியாக வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் நீ, வா, போ என்று பேசியவளிடம், "வளையத்தை வெச்சிட்டு போங்க, டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். அந்த 'ங்க'வைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. கைப்பையிலிருந்து எடுத்து மலை மேல் வைத்துவிட்டுப் போனாள். இப்போது கடைத்தெருவில் பார்த்தால் இருவரும் பஸ்ஸைப் பார்க்கிறோம்.

சில நாள் கழித்துத் தம்பி மட்டும் வந்தான். கையில் காகிதம் சுற்றிய நீளக் கம்பி.

"புதுசு வரவெச்சேன்க்கா. மாத்திட்டா சத்தம் வராது. நான் அப்பவே சொல்லலாம்னுதான் இருந்தேன், டீச்சரு வேணாம்னுட்டாங்க."

"ரீப்பரு அட்ச்சதைச் சொன்னப்ப நான் உனக்கு இன்னா சொன்னேன்?"

"தாங்க்ஸ் சொன்னீங்க" என்றான்.

"அதை எங்க கொண்டு போய் வெச்ச?"

கம்பியை வாசற்படியில் சாய்த்துவிட்டுப் போய்விட்டான். அது இன்னும் காகிதம் பிரிக்காமல் பின்னறை மூலையில் நிற்கிறது. தூசு துடைக்கிறேன், ஸ்பிரிட் போடுகிறேன், எல்லாம் செய்கிறேன். அறுபட்ட கம்பியை மட்டும் மாற்றவில்லை. வளையத்தை ஆணியிலேயே மாட்டிவிட்டேன். கொடுத்து வாங்க எதிர்முனையில் ஆள் இல்லாதபோது அதை எடுத்து என்ன செய்ய? இரண்டு வண்டியையும் ஒருத்தியால் விட முடியாது, ஒன்றைத்தான் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு சுவிட்சைப் போடுவேன். வண்டி குகைக்குள் போகும். வெளியே வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன், இன்றைக்காவது கேட்காமல் போகாதா என்று.