முருகன் படம் போட்ட அட்டை

டெல்லி ஆர்.கே.புரம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து நாவல் படிக்கிறேன். ஒரு சர்வாதிகாரியின் நாட்டில், புருஷனை நிலவறையில் ஒளித்துவைத்துவிட்டு, தேடி வரும் போலீஸிடம் அவனைத் துரோகி என்று தினமும் ஏசுகிற ஒருத்தியின் கதை. அதை நிஜமென்று நம்பி, புருஷனைக் கைவிட்டவள் என்று தெருவே அவளைக் காறித் துப்புகிறது. அவள் பொய்யை விடுவதில்லை.

அக்கா வீட்டில் தங்கியிருக்கிறேன். அத்தான் அரசு வேலையில் இருப்பவர். "சர்க்காருக்கு எதிரான கதை. குவார்ட்டர்ஸ்ல நாலு பேர் பார்ப்பாங்க, எதுக்கு வம்பு?" என்று காலண்டரிலிருந்து முருகன் படத்தைக் கிழித்து அவரே நாவலுக்கு அட்டை போட்டுக் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

பக்கத்தில் வந்து உட்காரும் இளம்பெண் அட்டையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுகிறாள்.

"முருகர் புக்கா ஆன்ட்டி? நான் இங்கயே பொறந்தவ. தமிழ் பேசுவேன், படிக்க வராது. ரெண்டு வரி படிங்களேன்."

தெரிந்த துதி எதையாவது சொல்லிச் சமாளித்துவிடலாம். ஆனால் கதையில் வருகிறவள் பொய் சொல்வது ஓர் உயிருக்காக. நான் யாரைக் காப்பாற்றப் போகிறேன்?

அட்டையைக் கழற்றி அவளிடம் கொடுக்கிறேன். பூட்ஸ் கால்கள் வரைந்த முகப்பு வெளியே தெரிகிறது.

"சாமி புக் இல்லம்மா. சர்க்காரை ஏமாத்தி புருஷனைக் காப்பாத்துற பொண்ணோட கதை."

படத்தைக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்துக்கொள்கிறாள். "அச்சா. அப்ப அதையே படிங்க."

முதல் பக்கத்துக்குத் திரும்பி, நிறுத்தத்தில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கிறேன். அவள் போக வேண்டிய மோதி பாக் பஸ் வருகிறது. எழுந்திருக்கப் பார்த்தவள் உட்கார்ந்துவிடுகிறாள். செருப்பை இன்னும் மாட்டிக்கொள்ளவில்லை.