பெயரை மட்டும் மறைத்தேன்

மும்பை தாராவியில் இருக்கும் தென்மாவட்டத்துப் பெண்கள் முகநூலில் ஒரு குழு வைத்திருந்தார்கள். சேர வேண்டுமானால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: சொந்த ஊர் எது? நான் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக்காரி. எப்போதோ தாத்தாவுக்குத் தென்காசியில் மூன்று வருஷம் குமாஸ்தா உத்தியோகம். அதைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமும் கூசாமல், தென்காசி என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் "வாங்க மதினி" என்று வரவேற்பு வந்துவிட்டது.

செம்பூரில் நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தில் ஆய்வு தொடங்கும் முன் நிரப்ப ஒரு படிவம் உண்டு. குழுவில் இருப்பது பொதுவெளியில் உள்ள தகவலா என்று அதில் கேட்டிருந்தார்கள். ஆம் என்று டிக் அடித்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னால் யாரும் உள்ளே போகலாமே, அப்புறம் என்ன அந்தரங்கம் என்பது என் வாதம். அந்தப் பெண்கள் எதற்காக ஊரைக் கேட்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அடித்தேன்.

நோயைப் பற்றிப் பெண்கள் இணையத்தில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது என் ஆய்வு. எட்டு மாதம் வாயைத் திறக்காமல் படித்தேன். ஒரு நாள் ஒரு பெண் எழுதியிருந்தார். முகத்துக்குப் பதில் செம்பருத்திப் பூ படம்.

"எக்கா, டிபிக்கு மாத்திர சாப்பிட்டா ஒரே குமட்டலா வருது, என்ன செய்யணும்? இனி யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாவ. ஆனா மாட்டுங்கால ஏழு பில்டிங்குக்கு இட்லி குடுக்கேன். மூணாம் மாடி சுகர் மாமாவுக்கு வெந்தய இட்லி தனி டப்பால. இது தெரிஞ்சா ஒருத்தராவது வாங்குவாங்களா?"

(பண்டத்தையும் மாடியையும் இங்கே மாற்றியிருக்கிறேன். இந்த முறை அவரைக் கேட்டுக்கொண்டு.)

படித்ததும் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வந்தது சந்தோஷம். அந்த வெந்தய இட்லி ஒன்று போதும், கட்டுரைக்கு உயிர் வந்துவிடும் என்று தோன்றியது. பெயரையும் பூவையும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே இங்கிலீஷில் பெயர்த்தேன். ஓர் இணைய இதழில் வெளியானது. அம்மாவுக்கு அனுப்பினேன்.

அம்மா இன்னமும் மாட்டுங்காவில்தான் இருக்கிறாள். 'என் பொண்ணு எழுதினது' என்று பெருமையோடு கட்டட வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். மூன்றாம் மாடி மாமி படித்தாள்; தன் வீட்டு வெந்தய இட்லியைக் கண்டுகொண்டாள். மறுநாள் காலையில் அந்தப் பெண்ணை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். அந்த வாரத்திற்குள் ஏழு கட்டடத்திலும் இட்லி வாங்குவது நின்றுபோனது.

அம்மா போன் செய்தாள். "நீ எழுதினது எவ்வளவு உபகாரமாப் போச்சு பாரு! இல்லேன்னா எங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? வாசல் வரைக்கும் வந்துண்டிருந்தாளே!"

இனி யாருக்கும் ஒட்டாது என்று அதே பத்தியில் இருக்கிறதே அம்மா என்றேன். "அதெல்லாம் யாரு கண்டா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

தாராவிக் குழுவில் வேறு கூத்து. நம்மில் யாரோதான் மாட்டுங்காவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பி, அதே சந்தில் இட்லி அவிக்கும் இன்னொரு பெண் மேல் பழி விழுந்தது. அவள் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்து எழுதினாள். யாரும் நம்பவில்லை. "மதினி, நீங்க படிச்சவங்க, நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த" என்று ஒருத்தி என்னையே கூப்பிட்டாள். இரண்டு நாள் நான் பதில் எழுதவில்லை. வேலை போய்விடுமோ என்றுதான் பயந்தேனே தவிர, பழி சுமந்தவளைப் பற்றி நான் அதிகம் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள், நான்தான் என்று குழுவில் எழுதினேன். நான் யாரென்பதையும், எதற்காகச் சேர்ந்தேன் என்பதையும். திட்டு வரும் என்று காத்திருந்தேன். மத்தியானம் செம்பருத்திப் பூவிடமிருந்து அழைப்பு வந்தது.

உங்கள் பெயரை எங்கேயும் போடவில்லை என்று ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்கும் முன்பே அதைத்தான் சொன்னேன்.

"பேரா?" என்றார். கோபமான குரலாக இல்லை, களைத்த குரல். "பேரு மாட்டுங்கால யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் இட்லிக்காரிதான். ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாமே. தாராளமா எழுதுங்கன்னுதான் சொல்லியிருப்பேன், நாலு பேருக்கு உபயோகப்படுமே. அந்தச் சுகர் மாமாவ மட்டும் விட்டுருங்கன்னு சொல்லியிருப்பேன்."

போனை வைத்த பிறகு கட்டுரையைத் திறந்து அந்தச் சுகர் மாமா வரியை நீக்கிப் படித்துப் பார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.