இம்மாகுலேற் மீட்ட எழுத்துகள்

மன்னாரிலிருந்து 1984இல் லண்டனுக்கு வந்த இம்மாகுலேற்றுக்கு முதலில் கிடைத்தது பிஸ்கட் தொழிற்சாலை வேலை. மாலையில் கல்லூரிக்குப் போய் மின்னணுவியல் படித்தாள். சில வருடங்களில் தெற்கு லண்டன் புறநகரான சட்டனில், பழுதான ஹார்ட் டிஸ்க்குகளைத் திருத்தும் சிறிய பட்டறை ஒன்றில் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே முகத்துக்குப் பவுடர் பூசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஹார்ட் டிஸ்க்கின் பெட்டிக்குள் வட்டத் தட்டுகள் சில ஒரே அச்சில் வேகமாகச் சுழல்கின்றன. அவற்றின் இருபுறமும் காந்தப் பூச்சு. ஒவ்வொரு புறத்துக்கும் ஒரு நுண்ணிய முனை உண்டு. தட்டு சுழல எழும் காற்றில் அது பூச்சைத் தொடாமல் மிதக்கும். எழுதும்போது, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன இடங்களை ஒரு திசையிலோ எதிர்த் திசையிலோ காந்தமாக்கும். வாசிக்கும்போது, அந்தத் திசை எங்கெங்கே மாறுகிறது என்று உணரும். நாம் சேமித்து வைக்கும் சொல்லும் படமும் அங்கே வெறும் திசைகள்தான். முனைக்கும் தட்டுக்கும் நடுவில் சிகரெட் புகையின் துகள்கூட நுழையாது. பவுடர் அங்கே பாறாங்கல்.

அதனால் தலைமுடியைத் தொப்பிக்குள் அடக்கி, வெள்ளை அங்கி போட்டு, வடிகட்டிய காற்று வீசும் கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு வேலை செய்வாள். அந்த அமைதி அவளுக்குப் பிடித்திருந்தது.

1991 வசந்த காலத்தில் பரமேஸ்வரன் அங்கே வந்தார். கிழக்கு லண்டனில் அப்டன் பார்க்கில் குடியிருந்த பஸ் சாரதி. சட்டனில் 'எங்கட பிள்ளை ஒண்டு' இந்த வேலை செய்கிறாள் என்று யாரோ கடையில் சொல்லக் கேட்டு, பழைய துவாய் ஒன்றில் ஹார்ட் டிஸ்க்கைச் சுற்றிக்கொண்டு ரயிலேறியிருந்தார்.

அதற்குள் இருந்தவை தமிழ் எழுத்துகள். ஷிப்ட் இல்லாத நாட்களில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாகத் திரையில் வரைந்திருந்தார். அவற்றைக் கொண்டுதான் கலியாண அழைப்பிதழ்களும் கோயில் அறிவித்தல்களும் அச்சிட்டுக் கொடுத்தார். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மேசையை நகர்த்தியதில், உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டு நின்றுவிட்டதாம்.

இம்மாகுலேற் துவாயை விரித்தாள். மூடியின் திருகாணிகள் கீறுபட்டிருந்தன.

"அண்ணை, இதைத் திறந்தனீங்களோ?"

"ஓம் தங்கச்சி. எழுத்துகள் இருக்கோ எண்டு பாத்தனான்."

"எங்க வச்சுத் திறந்தனீங்கள்?"

"குசினியில."

சமையலறையின் தூசிக்கும் புகைக்கும் நடுவிலா என்று அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து மூடியைக் கழற்றத் தொடங்கினாள். மேல்தட்டில் அவருடைய பெருவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருந்தது. கீழே ஒரு தட்டில், முனை உரசிப் பூச்சைச் சுரண்டியதில், பழுப்பு நிறத்துக்கு நடுவே அலுமினியம் வெள்ளை வளையமாக மின்னியது.

பட்டறை உரிமையாளர் எட்வேட் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் திறந்ததை எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றார். தன் மதிய இடைவேளையில் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுச் சம்மதித்தார்.

"முனைகள் வளைஞ்சு போச்சு அண்ணை. இதே மொடல் இன்னொண்டு வேணும். அதிலயிருந்து கழட்டி இதில போட்டுப் பாக்கலாம்."

"போட்டா எல்லாம் வருமோ?"

"சொல்ல ஏலாது."

பரமேஸ்வரன் பழைய கணினிச் சாமான் விற்கும் சந்தைகளில் அலைந்தார். சில வாரங்கள் கழித்து அதே மொடலைக் கொண்டுவந்தார். இம்முறை திறக்கவில்லை.

இம்மாகுலேற் தட்டுகளைத் துடைத்து, முனைகளை மாற்றி, மின்சாரம் கொடுத்தாள். தட்டுகள் சுழன்று, முனைகள் மிதந்தன. புதிய முனைகளும் உரசிப் போகாதபடி, சுரண்டிய வளையத்தை விலக்கி, மற்ற இடங்களைச் சிறிது சிறிதாக வாசித்துப் பிளாப்பி டிஸ்க்குகளில் ஏற்றினாள். இரண்டு வாரம் மதியச் சாப்பாடு கணினிக்கு முன்னால்தான்.

பரமேஸ்வரன் வந்தபோது எழுத்துகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினாள். அவர் உதடு அசைய, அரிச்சுவடி படிக்கிறவரைப் போல எண்ணிக்கொண்டு போனார். இடையில் நிறுத்தினார்.

"ழ எங்க?"

"வரேல்லை அண்ணை. ஞ, ஔ, இன்னும் கொஞ்சமும் அந்த வளையத்திலதான் இருந்திருக்கு."

"வேற மெசின் ஏதும்…?"

"எந்த மெசினாலும் ஏலாது. பூச்சே உதிர்ந்து போச்சு. அது தூளாக் கிடந்தது, நான்தான் துடைச்சனான்."

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். ழவின் சுழியை எத்தனையோ தடவை அழித்து அழித்துக் கீறியதாகவும், இனி அந்த வளைவு தன் கைக்கு வராதென்றும் மெல்லச் சொன்னார். அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

"அண்ணை, நீங்கள் அடிச்ச கலியாணக் காட் ஒண்டும் வீட்டில இல்லையோ?"

"கிடக்கு. ஏன்?"

"அதில 'அழைப்பிதழ்' எண்டு இருக்குமே. இரண்டு ழ!"

அவர் சிரித்துவிட்டார். அடுத்த வாரமே ஒரு கட்டுப் பழைய அச்சுத் தாள்களுடன் வந்தார். போட்டோக்கொப்பியில் பெரிதாக்கி, புள்ளிகளை எண்ணி, இருவரும் ழவைத் திரையில் திரும்ப வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை அறிவித்தல் ஒன்றிலிருந்து ஞ கிடைத்தது; மற்றவையும் இப்படியே வந்தன. ஔ மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. அதை அவர் புதிதாக வரைந்தார். மற்ற எழுத்துகளைவிடச் சற்றுக் குண்டாக வந்தது. திருத்தப் போய், வேண்டாமென்று விட்டுவிட்டார்.

அதன்பின் பரமேஸ்வரன் எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை இம்மாகுலேற்றிடம் கொடுத்து வைத்தார். தொண்ணூறுகளின் நடுவில் தெற்கு லண்டன் டூட்டிங்கில் ஒரு தமிழ்ப் பள்ளி பாடப் புத்தகம் அச்சிட அந்த எழுத்துகளைக் கேட்டு வாங்கியது. புத்தகத்தின் முதல் பிரதியை அவர் சட்டனுக்குக் கொண்டுவந்தார். இம்மாகுலேற் கையுறையைக் கழற்றிவிட்டுப் பக்கங்களைப் புரட்டி, உயிரெழுத்து வரிசையில் அந்தக் குண்டு ஔவைக் கண்டுபிடித்தாள்.

"வடிவாத்தான் இருக்கு அண்ணை" என்றாள்.