காரணமில்லாமல் ஒலித்த குரல்

கோயம்புத்தூரிலிருந்து புனே வந்த மூன்றாம் வருடம், விமான் நகரில் ஒரு சிறிய கம்பெனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். பழைய போர் விமானங்களில் புதுக் கணினி பொருத்தும் வேலை. விமானம் தரைக்கு ஆபத்தான அளவு நெருங்கினால் விமானியின் காதில் ஒரு பெண் குரல் எச்சரிக்க வேண்டும். அந்த நிரல் என்னுடையது.

சோதனைக்கு ஒரு விமானி வருவார். புனேயிலேயே தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழர். ஒரு நாள், சோதனைக் கூடத்தில் அமைத்திருந்த மாதிரி விமானி இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தபோது, நல்ல உயரத்திலேயே குரல் கத்தியது. அந்த வாரம் இன்னொரு முறையும். நிரலில் தவறு எதுவும் தென்படவில்லை. விமானங்களில் பொருத்தலாம் என்று மேலாளர் கையெழுத்து கேட்டார். நான் போடவில்லை.

விமானி என் பக்கம் நின்றார். "ஜல்தி வேணாம் மேடம். சும்மா சும்மா கத்துச்சுன்னா நாங்க ஆஃப் பண்ணிடுவோம். ஆராமா, நிதானமா பாருங்க."

இரண்டு மாதம் ஓடியது. மழைக்காலத்தில் ஒரு காலை, மேகத்துக்குள் போன அவருடைய விமானம் மலையில் மோதியது. அவர் பிழைக்கவில்லை.

"அது பழைய விமானம்தான். நம்ம கணினிப் பெட்டி அதுல இல்ல. நீங்க ஏன் கலங்கறீங்க?" என்றார் மேலாளர், ஆறுதலாக. பெட்டி அதில் இல்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

பத்து நாள் கழித்துத் தவறு பிடிபட்டது. மாதிரி இருக்கையை இணைத்திருந்த கேபிளின் முனையில் ஒரு பின் வளைந்திருந்தது. அதனால் உயரத்தின் அளவு நடுநடுவே நிரலுக்கு வராமல் அறுந்து, குரல் கத்தியிருக்கிறது. என் நிரல் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தது. அன்றே கையெழுத்துப் போட்டேன். எந்த விமானத்தில் முதலில் பொருத்துவதாக இருந்தது என்ற பட்டியல் மேலாளரின் மேசையில்தான் கிடந்தது. கடைசிவரை அதை நான் எடுத்துப் பார்க்கவில்லை.

கேபிளைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விமானியின் வீட்டுக்குப் போனேன். அவருடைய அப்பா கதவைத் திறந்தார். யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"நீதானாம்மா அது? ஒரு மேடம் இருக்காங்க, சரியா இல்லன்னா சைனே பண்ண மாட்டாங்கன்னு அவன் பெருமையா சொல்வான். பைட்டோம்மா, உக்காரு, சாய் குடி."

உட்கார்ந்தேன். டம்ளர் கையில் சுட்டது. அவர் மகனின் பள்ளிக்கூடப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து வந்தேன்.