டாக்டர் பொன்னுதுரையின் முதல் விமானி

மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த மறுவருடம், காஜா பேராங் ஊரில் டாக்டர் பொன்னுதுரைக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. காய்ச்சல், இருமல் பார்க்க எந்த டாக்டரும் போதும். விமானியைச் சோதித்து 'இவர் பறக்கலாம்' என்று கையெழுத்திடத் தனிப் பயிற்சி வேண்டும். அதைச் சிங்கப்பூரில் முடித்து வந்திருந்தார். உயரத்தில் மூச்சு என்னாகும், காது எப்படி அடைக்கும், எந்தக் கண் நிறங்களைக் குழப்பும், எல்லாம் படித்தாயிற்று. சின்ன விமானத்தில் ஏற்றி அவர் வயிற்றையும் கலக்கிக் காட்டினார்கள். காரணம் தெரியாமல் மயங்குகிறவனைப் பறக்க விடக்கூடாது என்ற விதி மட்டும் அவருக்கு மந்திரம் போல மனப்பாடம்.

முதலில் வந்தவன் ஜெயபாலன். அவன் அம்மா பூங்காவனம் வீடு வீடாகத் துணி துவைத்து வளர்த்த பிள்ளை. பத்து பெரெண்டாம் விமானத்தளத்தில் விமானம் ஓட்டப் பழக இடம் கிடைத்திருந்தது. டாக்டரின் கையெழுத்துதான் பாக்கி. கண், காது, நெஞ்சு எல்லாம் பிரமாதம். கடைசியாகக் குந்தி எழச் சொன்னார். எழுந்தவன் அப்படியே சாய்ந்தான். டாக்டர் தாங்கிப் பிடித்தார்.

"ஏன் தம்பி மயங்கின?"

"தெரியலைங்க டாக்டர்."

விதி கையில் இருக்கும்போது வேறு கேள்வி எதற்கு? 'தகுதியில்லை' என்று எழுதிவிட்டார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார் என்பதுதான் கொடுமை.

மாசி மகத்தன்று செங் ஊரின் சன்னாசிமலைக் கோயிலில் பூங்காவனம் ஓடிவந்து டாக்டரைக் கும்பிட்டாள்.

"உள்ளுக்குள்ள இருந்த நோவைக் கண்டுபிடிச்சு என் பிள்ளையக் காப்பாத்திட்டீங்க ஐயா. அந்த நோவோட பாவம், காவடிக்கு விரதம் வேற இருந்தான். உங்ககிட்ட வந்த அன்னைக்குப் பச்சத் தண்ணிகூடப் பல்லுல படல."

டாக்டருக்குச் சுருக்கென்றது. தபால்காரரைக்கூட 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கிற மனிதர் அவர். அந்தப் பையனைக் கேட்கவில்லை. பையனும், பட்டினி என்றால் பலவீனம் என்று எழுதிவிடுவார் எனப் பயந்து மறைத்திருக்கிறான்.

மறுநாளே மேலிடத்துக்கு விளக்கம் அனுப்பினார். அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது, அடுத்த முறைக்குப் பையனின் வயது இடம் தராது என்று பதில் வந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பூங்காவனத்தின் வீட்டுக்குப் போனார்.

"உங்க மகனுக்கு ஒரு நோயும் இல்லம்மா. அது வெறும் பசி மயக்கம். கேட்காதது என் தப்பு."

அவள் பிழிந்துகொண்டிருந்த துணி கையிலிருந்து நழுவியது.

"அவன் பறக்கணும்னு அந்தக் காவடியையும் விரதத்தையும் வேண்டிக்கிட்டதே நான்தானே ஐயா," என்றாள். "அப்ப நான்தான் கெடுத்தேனா?"

இல்லை இல்லை என்று அவர் எத்தனையோ முறை சொன்னார். அது அவள் காதில் ஏறவே இல்லை.