சேலை கட்டிய சோளக்காடு

திருச்சுழிக்குத் தெற்கே, குண்டாற்றங்கரை கிராமங்களில் போய் நாகஜோதி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பிடிபடாது. வலைக்காரி என்று கேட்டால் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். ஆற்றில் வருஷத்துக்குப் பத்து நாள் தண்ணீர் ஓடினாலே பெரிய விஷயம். மீன் என்றால் ஐஸ் பெட்டியில் வண்டியேறி வந்தால்தான் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணுக்கு வலைக்காரி என்று பேர் விழுந்தது கொஞ்சம் வேடிக்கையான கதைதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வரை அவளும் மற்றவர்களைப் போல மக்காச்சோளம் போட்டு மயிலிடம் தோற்றுக்கொண்டிருந்தவள். விதை ஊன்றிய மறுநாள் விடியலில் மயில்கள் சால் பிடித்து, விதையைக் கொத்திக்கொண்டே வரிசையாக வரும். ஊன்றிய ஆள்கூட அவ்வளவு ஒழுங்காக நடந்திருக்க மாட்டான். மயிலுக்குத் தப்பி முளைத்துக் கதிர் விட்டதைப் பன்றி சாய்க்கும். மழையோ வரவேண்டிய மாசத்தில் வராமல், வந்தால் ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போனது. புருஷன் பூமிநாதன் குட்டியானை வண்டி ஓட்டி, செங்கல்லும் உரமும் லோடு அடித்ததால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டு ரசூல் பீவி ஏர்வாடி தர்காவுக்குப் போனாள். துணைக்கு நாகஜோதியையும் கூட்டிக்கொண்டாள். வந்த வழியில் வாலிநோக்கத்தில், ரசூல் பீவியின் சொந்தக்காரர் சகாபுதீன் வீட்டில் சாப்பாடு. மீன்பிடிக்க அவருக்கு ஒரு வள்ளம் உண்டு. சாப்பிட்டுவிட்டுக் கடலைப் பார்க்கப் போன நாகஜோதிக்குக் கடலைவிட, கரையில் குவிந்து கிடந்த பழைய வலைகள்தான் கண்ணில் பட்டன.

"இதையெல்லாம் என்ன பாய் செய்வீக?"

"என்னத்தச் செய்ய? கிழிஞ்ச வலை. கொஞ்சத்தைக் கொளுத்துவோம். மிச்சத்தைக் கடலு இழுத்துக்கிரும்."

"எனக்கு ஒண்ணு தாரீகளா?"

"ஒண்ணு என்ன தங்கச்சி, தூக்க முடிஞ்ச மட்டும் அள்ளிக்கிட்டுப் போ."

அள்ளிக்கொண்டு பஸ் ஏறியதும் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இது பஸ்ஸா மீன் மார்க்கெட்டா என்று கேட்டார். கமுதி வரை இருவரும் பின்படியோரம் நின்றுதான் வந்தார்கள். ரசூல் பீவி வழியெல்லாம் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வலையைத் தன் ஒன்றரை ஏக்கர் சோளக்காட்டைச் சுற்றிக் கம்பு நட்டுக் கட்டினாள் நாகஜோதி. மறுநாள் மயில்கள் வந்தன. வலையைக் கண்டு நின்றன. கழுத்தை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, பக்கத்துக் காட்டுக்கு நடையைக் கட்டின. அடுத்த வாரமே பக்கத்துக் காட்டுக்காரர் வலை கேட்டு வந்துவிட்டார். அவர் கட்டியதும் மயில்கள் அதற்கடுத்த காட்டுக்குப் போயின. அந்தக் காட்டுக்காரரும் வந்தார். இப்படி மயில்களே வீடு வீடாக ஆள் பிடித்துக் கொடுக்க, ஆரம்பித்தது வியாபாரம். பூமிநாதனின் குட்டியானை மாசம் இரண்டு தடவை வாலிநோக்கம் போய்வந்தது. மல்லாங்கிணறு, பாலவனத்தம் பக்கமிருந்தெல்லாம் போன் வந்தது. "படிச்சிருந்தா நீ கலெக்டர்தாண்டி" என்பான் பூமிநாதன். வண்டியிலிருந்து கருவாட்டு வாடை போகவில்லை என்று மட்டும் அவ்வப்போது முணுமுணுப்பான்.

அஞ்சு வருஷம் இப்படியே ஓடியது. போன வருஷம் ஆவணி மாசம் ஒரு காலையில் வெள்ளத்துரையிடமிருந்து போன் வந்தது. அறுபது வயசு மனுஷர், தூரத்து உறவில் அவளுக்குச் சித்தப்பா முறை.

"ஏ தாயி, ஒன் வலையில ஒரு சரக்கு மாட்டியிருக்கு. வந்து எடுத்துக்கிட்டுப் போ."

"என்ன சித்தப்பா, மயிலா?"

"நீயே வந்து பாரு."

போய்ப் பார்த்தால் சாரைப்பாம்பு. ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும். வலைக்கண்ணில் தலையை விட்டு, உடம்பு பாதி நுழைந்து, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், வலையின் நைலான் நரம்பு இறுக்கிக் கிடந்தது. வெள்ளத்துரை இருபதடி தள்ளி வரப்பில் நின்றார். நாகஜோதிக்குச் சின்ன வயசிலிருந்தே பாம்பு என்றால் உயிர் போய்விடும். டி.வி.யில் பாம்பு வந்தால்கூடக் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்கிறவள்.

"நீங்க ஆம்பளைதானே சித்தப்பா, வெட்டி விடுங்களேன்!"

"வலை யாரு வித்தது?"

நாகஜோதி இடுப்புப் பையைத் திறந்தாள். வலை வெட்டும் கத்தரிக்கோல் எப்போதும் அதில் இருக்கும். சாக்கை நனைத்துப் பாம்பின் தலைமேல் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழையை வெட்டினாள். கண்ணை மூடினால் பாம்பையே வெட்டிவிடுவோம் என்று தோன்ற, திறந்துகொண்டாள். இழை செதிளுக்கு அடியில் ஏறி, தோலை அறுத்திருந்தது. விரல் நுனியால் தோலை அமுக்கி, ஒவ்வொரு இழையாக எடுத்தாள். பாம்பின் உடம்பு அவள் நினைத்ததுபோல் வழவழவென்று இல்லை. காய்ந்த கதிர் மாதிரி இருந்தது. கால்மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடைசி இழை அறுந்ததும் அவள் எழுந்து ஓடிய ஓட்டத்தில் வெள்ளத்துரையையும் தாண்டிவிட்டாள். பாம்பு அசையாமல் கிடந்தது. பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல மெதுவாகச் சோளத்துக்குள் போனது.

"பொழைச்சிரும்" என்றார் வெள்ளத்துரை.

சிரித்துக்கொண்டே வலையைச் சரிசெய்யக் குனிந்தவள் அப்போதுதான் மற்றதைப் பார்த்தாள். வேலியின் அடிப்பக்கம் நெடுக, காய்ந்து கயிறாகிப்போன இரண்டு சாரை. ஒரு கீரி. இறகு மட்டும் மிஞ்சிய ஏதோ ஒரு குருவி.

"இதெல்லாம் எப்ப சித்தப்பா?"

"அது மாட்டும் தாயி. நான் யாருகிட்டச் சொல்ல? இந்த வருசம் எலி வேற மூணு பங்காயிருச்சு. கதிரைக் கடிச்சுத் துப்புது."

எலி ஏன் மூன்று பங்கானது என்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று ராத்திரி சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டாள். அருப்புக்கோட்டையில் காலேஜ் படிக்கிற மகள் பிரவீணா என்னவென்று கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் வாலிநோக்கம் போனபோது கரையில் கூட்டம். சகாபுதீன் முழங்கால் தண்ணீரில் நின்று கத்திக்கொண்டிருந்தார். பெரிய ஆமை ஒன்று. அண்டா மூடியை விட அகலம். கழுத்திலும் முன்துடுப்பிலும் வலை சுற்றி, அந்த வலையில் பாசியும் பாட்டிலும் பிளாஸ்டிக் கவரும் சேர்ந்து ஒரு பெரிய பொதியாகத் தொங்கியது. ஒருவர் கத்தியை எடுத்தார். "கத்தி வேண்டாம், சதையில எறங்கிரும்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாகஜோதி தண்ணீரில் இறங்கினாள். நாலு பேர் ஆமையின் ஓட்டை அமுக்கிக்கொள்ள, அவள் கத்தரித்தாள். பாம்பைத் தொட்டுவிட்டு வந்தவளுக்கு ஆமை ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. ஆமை அவள் மூஞ்சியிலேயே உஸ்ஸென்று மூச்சு விட்டது. அந்த நாற்றத்தில் அவளுக்கு மயக்கமே வந்துவிட்டது.

கட்டு அறுந்ததும் ஆமை தண்ணீருக்குள் போனது. ஒரு துடுப்பு சரியாக வேலை செய்யவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நீந்தியது. தலை தெரிகிற மட்டும் எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"யாரு வலை பாய் இது?"

"ஊரு பேரு எழுதியா வச்சிருக்கு? காத்துல அறுந்தது, பாறையில சிக்குனது, வேண்டாமுன்னு போட்டது, எல்லாம் இருக்கும். கடலுக்குள்ள போன வலை சும்மா இருக்காது தங்கச்சி. ஆளே இல்லாம மீன் பிடிச்சிக்கிட்டே திரியும்." சகாபுதீன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கடலும் முன்ன மாதிரி இல்ல. சித்திரை வைகாசியில தண்ணி வெந்நி மாதிரி சுடுது. பவளப்பாறையெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச கணக்கா வெளுத்துக் கெடக்கு. மீனு எங்கிட்டோ தள்ளிப் போயிருச்சு. அதைத் தேடி நாங்களும் தூரமாப் போறோம், வலையும் கூட அறுந்து போகுது."

ஆளே இல்லாமல் பிடித்துக்கொண்டே இருக்கிற வலை என்ற பேச்சு அவள் மனசில் முள்ளாகத் தைத்தது. வெள்ளத்துரை வேலியில் கிடந்ததும் அதுதானே. வண்டியில் அன்று மெல்லிசு நரம்பு வலை எதையும் ஏற்ற விடவில்லை. தடிமனான நூல் வலையை மட்டும் ஏற்றினாள். கமுதி நெருங்கும்போது பூமிநாதன்தான் பேச்சை எடுத்தான்.

"என்ன ஜோதி, வியாபாரத்தை விட்டுரலாம்கிறியா?"

"விட்டா மயிலுகிட்ட யாரு பேசுவா? வலையைத் தரையில தொட விடாமக் கட்டணும். ரெண்டடி ஒசரத்துல நிறுத்திட்டா பாம்பு, கீரி, உடும்பு எல்லாம் கீழகூடிப் போயிரும்."

"பன்னியும் போயிரும்."

அதற்குத்தான் வழி தெரியவில்லை. வழியைக் காட்டியது வீட்டுக் கொடியில் காய்ந்த பழைய சேலைதான். காற்றில் படபடக்கிற துணிக்குப் பன்றி கொஞ்சம் மிரளும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்ததே. சிலர் முன்பே கட்டிப் பார்த்ததுதான். கீழே இரண்டடிக்குச் சேலை, அதற்கு மேலே வலை. துணிக்கு அடியில் பாம்பு நுழைந்து போகலாம், சிக்காது. முதலில் தன் காட்டிலேயே கட்டினாள். தன் சேலை தீர்ந்ததும் ரசூல் பீவியின் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். "கல்யாணச் சேலையை மட்டும் விட்டு வையி" என்று கெஞ்சினாள் ரசூல் பீவி.

வெள்ளத்துரை உடனே ஒத்துக்கொண்டார். அவர் மனைவியின் பழைய பூப்போட்ட சேலைகள் வரப்பு நெடுக ஆடுவதைப் பார்த்து, பஸ்ஸில் போகிறவர்கள் என்ன திருவிழா என்று கேட்டார்கள். எல்லோரும் அப்படி மடங்கிவிடவில்லை. பத்து ஏக்கர்க்காரர் ராமசுப்பு முகத்துக்கு நேராகவே சொன்னார்.

"பாம்புக்குப் பாத்தா பண்ணையம் பண்ண முடியுமா? ஒன் வேலை வலை விக்கிறது. எப்படிக் கட்டணும்னு எனக்குத் தெரியும்."

"அப்ப என் வலை ஒங்களுக்கு இல்ல அண்ணாச்சி."

"இல்லாட்டிப் போ. காரியாபட்டியில ஒருத்தன் விக்கிறான்."

உண்மைதான். இவளைப் பார்த்து வேறொருவன் மெல்லிசு நரம்பு வலையாகக் கொண்டுவந்து விற்க ஆரம்பித்திருந்தான். நாகஜோதியின் வாடிக்கை பாதியாகக் குறைந்தது. இரண்டு நாள் அவனைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், தான் விற்ற பழைய வலையைத் திருப்பிக் கொடுத்தால் புது வலையில் கழித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். சிலர் கொடுத்தார்கள். ராமசுப்பு கொடுக்கவில்லை. அவர் பழைய வலைகள் ஆற்றோர வரப்பில் குவிந்து கிடந்தன.

மார்கழியில் ஒருநாள் வானம் பொத்துக்கொண்டது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் விடாத மழை. குண்டாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். மூன்றாம் நாள் பார்த்தால் ராமசுப்புவின் வலைக் குவியலைக் காணோம்.

"பாய்கிட்ட வாங்குனதை ஆறு பாய்கிட்டயே சேக்கப் போகுது" என்றான் பூமிநாதன் சிரித்துக்கொண்டு. நாகஜோதி சிரிக்கவில்லை. சாய்ந்து சாய்ந்து நீந்திப் போன ஆமை கண்முன் வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பின்னாலேயே பூமிநாதனும் போனான்.

ஆற்றோரம் நெடுக சீமைக்கருவேல மரங்களில் வலைகள் கந்தலாகத் தொங்கின. தண்ணீர் வடிய வடிய இருவரும் இறங்கி இழுத்தார்கள். கை எல்லாம் முள். ஒரு வலையில் கொக்கு ஒன்று காலைக் கொடுத்துத் தலைகீழாகக் கிடந்தது. விடுவித்ததும் நன்றிக்குப் பதிலாக பூமிநாதனின் கையைக் கொத்திவிட்டுப் பறந்தது. மத்தியானம் டிராக்டர் சத்தம் கேட்டது. ராமசுப்பு.

"என் மோட்டாரு என்ன ஆச்சுன்னு பாக்க வந்தேன்" என்றார், யாரும் கேட்காமலே. மரத்தில் தொங்கிய வலைகளைப் பார்த்தார். மோட்டாரை மறந்துவிட்டு, டிராக்டரில் கயிறு கட்டி இழுத்துக் கொடுத்தார். சாயங்காலம் வரை இழுத்தும் பாதிக்கு மேல் அகப்படவில்லை. அது கமுதியைத் தாண்டிப் போயிருக்கும், கடலையே சேர்ந்திருக்கும். அன்று திரும்பும்போது ராமசுப்பு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சேலைன்னா, எந்தச் சேலையா இருந்தாலும் சரியா?"

"நைலக்ஸ் சேலை வேண்டாம் அண்ணாச்சி, அது மக்காது. நூல் சேலையாக் குடுங்க."

இப்போது நாகஜோதி விற்கிற வலை முன்பைவிடக் குறைவு. ஆனால் கட்டிக்கொடுக்கும் வேலை கூடியிருக்கிறது. கூலியாக மூன்று பெண்கள் வருகிறார்கள். வாலிநோக்கத்தில் சகாபுதீன் கிழிந்த வலைகளைக் கடலில் போட விடாமல் அவளுக்காகச் சேர்த்து வைக்கிறார். அவள் எடுக்காத நரம்பு வலைகளையும் இப்போது கொளுத்துவதில்லை. தூத்துக்குடிப் பக்கம் உருக்கி எடுக்கிற ஆள் ஒருவரைப் பிரவீணா போனில் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். காரியாபட்டிக்காரன் இன்னும் நரம்பு வலைதான் விற்கிறான். அவன் வலையில் பாம்பு மாட்டினாலும் போன் இவளுக்குத்தான் வருகிறது. இதுவரை வலையை வெட்டிப் பதினொரு பாம்பை விடுவித்திருக்கிறாள். பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஓடத்தான் செய்கிறாள்.

போன வாரம் வெள்ளத்துரை மறுபடி போன் போட்டார்.

"ஏ தாயி, மயிலு வலைக்கு மேலகூடிப் பறந்து வந்து எறங்குது. பழகிருச்சு. என்ன செய்ய?"

"றெக்கை இருந்தாப் பறக்கத்தான செய்யும் சித்தப்பா? ஒரு வழி யோசிப்போம். நாளைக்கு வெள்ளன வாரேன், மயிலு வார நேரத்துக்கு. நீங்க அதுக்குள்ள வெரட்டிப் புடாதீக, எப்படி எறங்குதுன்னு நான் பாக்கணும்."